கோணக் கணக்கு தப்பா வருதா? எங்க கோளாறுன்னு ஒண்ணொண்ணா பாத்து சரி பண்ணுங்க

அம்பாசமுத்திரத்துல எங்க வீட்டுத் தார்சாவுல ஆறாப்புல இருந்து ஒம்பதாப்பு வரைக்கும் உள்ள பிள்ளையளுக்கு சாயங்காலம் கணக்கு சொல்லிக் குடுக்கேன், 11 வருசம் ஆச்சு. கோணப் பாடம் வந்தாலே அதே ஏழெட்டு தப்புதான் திரும்பத் திரும்ப வரும், பிள்ளை மாறும் தப்பு மாறாது. அதான் எந்தத் தப்புக்கு முதல்ல எதைப் பாக்கணும், அதுல சரியாவலன்னா அடுத்து எதைப் பாக்கணும்னு வரிசையா எழுதி வைக்கேன், வீட்டுல பிள்ளை பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுக்குற அம்மா அப்பாமாருக்கும் ஆவும், அக்கா அண்ணன்மாருக்கும் ஆவும்.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு பழக்கம். அளக்குறதுக்கு முன்னாடி, கழிக்கிறதுக்கு முன்னாடி, பிள்ளை படத்தப் பாத்து வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லணும், இது என்ன வகைன்னு. 90க்கு உள்ளன்னா குறுங்கோணம், சரியா 90னா செங்கோணம், 90அ தாண்டி 180க்கு உள்ளன்னா விரிகோணம், 180னா நேர்கோணம், அதையும் தாண்டி 360க்கு உள்ள நின்னா பின்வளை கோணம். இந்த அஞ்சு பேரும் ஒரு மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்றதுன்னு பிள்ளைய நினைக்காவ. அப்படி இல்ல, கடைசில வந்த விடை சரியா தப்பான்னு பிடிச்சுக் குடுக்குறதே இந்தப் பேருதான். முதல்ல வகை, பொறவு அளவு. இதைப் பழக்கிட்டாலே கீழ சொல்லியிருக்கதுல பாதி தப்பு வராது.

■ விரிஞ்சு கிடக்குற கோணத்த அளந்துட்டு 50னு எழுதுதான்

இதுதான் ரொம்ப அதிகமா வாறது, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்லுதேன்.

முதல் சந்தேகம் நம்பர் வரிசை. கோணமானில ரெண்டு வரிசை நம்பர் இருக்கும், ஒண்ணுக்கு இடது பக்கம் 0, இன்னொண்ணுக்கு வலது பக்கம் 0. அதனால ஒரே கோட்டு மேல 130ம் இருக்கும் 50ம் இருக்கும், பிள்ளை கண்ணுல எது முதல்ல படுதோ அதை எழுதிருது. இதுக்கு மருந்து, விரலை அடிக்கோட்டு மேல எந்த 0 உக்காந்திருக்கோ அங்க வைக்கச் சொல்லுங்க, அங்க இருந்து 10, 20, 30னு அதே வரிசைல விரல் நகந்து போய் கோணத்தோட அடுத்த கை, அதாவது இன்னொரு கோடு, எங்க நிக்கோ அங்க நிக்கணும், நடுவுல வரிசை தாவக் கூடாது.

போன வருசம் ஏழாப்பு படிக்குற ஒரு பய நாலு கோணம் அளந்து நாலையும் தப்பா எழுதிட்டு வந்தான். பாத்தா நாலுமே சரியான விடைய 180ல கழிச்சா வாறது, அப்படின்னா அளந்தது சுத்தமா அளந்திருக்கான், படிச்ச வரிசைதான் தப்பு. நான் விடைய சொல்லல, "நோட்டு மூலைய அந்தக் கோணத்து மேல வச்சுப் பாருல"ன்னு மட்டும் சொன்னேன். வச்சான், கோணம் மூலைய விட்டு வெளிய நீட்டிக்கிட்டு நிக்கி, 50ன்னா மூலைக்குள்ள அடங்கணும்லா, கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்துட்டு அவனே ரப்பரை எடுத்தான். நோட்டு மூலை, பரீட்சைன்னா கேள்வித்தாள் மூலை, அது எப்பவும் கையில உள்ள செங்கோணம், அதை விட நல்ல சோதனை இல்ல.

வரிசை சரியா இருந்தும் மூணு நாலு டிகிரி தப்பா வருதுன்னா கோணமானிய வச்ச இடத்தப் பாருங்க. நிறைய கோணமானில கீழ ஒரு பட்டை இருக்கும், 0 கோடு அந்தப் பட்டைக்கு மேலதான் இருக்கும். பிள்ளைய பிளாஸ்டிக் ஓரத்தக் கொண்டு போய் கோட்டு மேல வச்சிருதாவ. நடுவுல உள்ள சின்னக் குறி கோணத்தோட முனை மேலயும், 0 கோடு அடிக்கை மேலயும் சரியா உக்காரணும், ரெண்டும் ஒண்ணு போல. பையத்தான் வைக்கணும், அவசரம் ஆவாது.

அதுவும் சரின்னா, கோணத்தோட கை குட்டையா இருந்து நம்பர் வரைக்கும் எட்டாம கண்ணாலேயே இழுத்துப் படிச்சிருப்பான். பென்சிலையும் அளவுகோலையும் வச்சு கைய நீட்டச் சொல்லுங்க, நீட்டுறதால கோணம் மாறாது.

கடைசியாத்தான் கோணமானி மேல சந்தேகப்படணும், அச்சு அழிஞ்சிருக்கலாம், வெயில்ல வளைஞ்சிருக்கலாம். ஒரு நேர்கோடு போட்டு அதுல ஒரு புள்ளில இருந்து சாச்சு ஒரு கோடு போடுங்க, ரெண்டு பக்கத்தையும் தனித்தனியா அளந்து கூட்டுங்க, 180 வரணும். ஒரு டிகிரி முன்னப்பின்ன வந்தா கை நடுக்கம், நாலஞ்சு வித்தியாசம் எப்ப அளந்தாலும் வந்தா வேற பிள்ளையோட கோணமானி வச்சு அதே கோணத்த அளந்து பாத்துட்டு, இதுதான் கோளாறுன்னா புதுசு வாங்கிருங்க, பெரிய காசு ஒண்ணும் இல்ல.

■ படத்த சாச்சுப் போட்டா செங்கோணம் தெரியமாட்டேங்கு, இல்லன்னா கை நீளமா இருந்தா கோணம் பெருசுங்கா

ரெண்டும் ஒரே வீட்டுக் கோளாறுதான். போர்டுல எப்பவும் அடிக்கோடு படுத்துக்கிட்டும் இன்னொண்ணு நட்டுக்குத்தலாவும் போட்டுப் போட்டு, செங்கோணம்னா "எல்"லு மாதிரிதான் இருக்கும்னு மனசுல பதிஞ்சு போவுது.

முதல் வேலை நோட்டைத் திருப்புறது, ஒரு கை படுக்கையா வாற வரைக்கும் சுத்தச் சொல்லுங்க. பரீட்சை ஹால்ல நோட்டைத் திருப்பக் கூடாதுன்னு யாரும் சொல்லல.

கை நீளம் குழப்பத்துக்கு நான் காத்தாலையச் சொல்லுவேன், வள்ளியூர் பணகுடி பக்கம் பஸ்ல போயிருக்காத பிள்ளை இங்க கிடையாது. ரோட்டுப் பக்கத்துல நிக்கிறது பனை மரத்த விட பெரிய றெக்கையோட நிக்கும், தூரத்துல மலைக்குக் கீழ நிக்கிறது விரல் அளவுக்குத் தெரியும், ரெண்டுக்கும் மூணு றெக்கை, நேர நின்னு பாத்தா ரெண்டு றெக்கைக்கு நடுவுல உள்ள கோணம் ரெண்டுலயும் 120தான், 360அ மூணாப் பங்கு வச்சா அதுலா வரும். சுத்திக்கிட்டே இருக்கு, மேல வந்தாலும் கீழ வந்தாலும் அதே 120. "அப்ப அது என்ன வகை?"ன்னு கேட்டா விரிகோணம்னு எல்லா பிள்ளையும் சொல்லிரும். நீளமும் பொருட்டு இல்ல, சாஞ்சு நிக்கிறதும் பொருட்டு இல்லங்கிறது அதுலயே அடங்கிருது.

ஜாமெட்ரி பாக்ஸ்ல உள்ள மூலைமட்டம் சரியான்னு சந்தேகம் வந்தா எங்க தெரு ஆசாரி மாமா செய்யுற சோதனைய செய்யுங்க. அவாள் புது மட்டம் வாங்குனா முதல்ல பலகைல ஒரு நேர்கோடு, அது மேல மட்டத்த வச்சு ஒரு செங்குத்துக் கோடு, பொறவு மட்டத்த அப்படியே கவுத்துப் புரட்டி அதே புள்ளில வச்சு இன்னொரு கோடு. ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா மட்டம் சரி. ஆப்பு மாதிரி இடைவெளி விட்டு விரிஞ்சுச்சுன்னா மட்டம் தப்பு, அந்த இடைவெளில பாதிதான் தப்போட அளவு. பிள்ளையள கூட்டிட்டுப் போய் நிறுத்திக் காட்டுனேன், மாமா உளியால சீவுன பென்சில வச்சுப் போட்ட ரெண்டு கோடும் ஒரே கோடா நின்னதை அவ்வளவு நேரம் குனிஞ்சு குனிஞ்சு பாத்தாவ.

■ 90ல கழிக்கணுமா 180ல கழிக்கணுமான்னு முழிக்கான்

பேர்லேயே விடை இருக்கு. நிரப்புக் கோணங்கள்னா ரெண்டும் சேந்து ஒரு செங்கோணத்த நிரப்பும், 90. மிகைநிரப்புக் கோணங்கள்னா மிகையா, அதாவது அதையும் மிஞ்சி, நேர்கோணத்த நிரப்பும், 180. "மிகை"ன்னு பாத்தா பெரிய நம்பர். 35க்கு நிரப்புக் கோணம் 55, மிகைநிரப்புக் கோணம் 145. தமிழ் மீடியத்துல படிக்குற பிள்ளைக்கு இது ஒரு சொத்து, அதை விட்டுட்டு வெறுமனே மனப்பாடம் பண்ணச் சொல்லாதிய.

எதுல கழிக்கணும்னு தெரிஞ்சும் விடை தப்பா வந்தா கோளாறு கோணத்துல இல்ல, கழித்தல்ல. 180ல 67 போனா 123னு எழுதுற பிள்ளைய நிறைய உண்டு, கடன் வாங்குறதுல பத்து கூடிரும். அதுக்கு 180அ 179னு வச்சுக்கிட்டு கழிக்கச் சொல்லுங்க, 179ல 67 போனா 112, விட்டு வச்ச 1 சேத்தா 113. ஒண்ணாம் இடத்துல கடன் வாங்குற வேலையே இல்ல. 90க்கு 89, 360க்கு 359, எல்லாத்துக்கும் இதே.

விடை மைனஸ்ல வந்தா, 110க்கு நிரப்புக் கோணம் கேட்டுருக்கான்னு கேள்வியத் திரும்ப வாசிங்க, விரிகோணத்துக்கு நிரப்புக் கோணமே கிடையாது.

■ முக்கோணத்துல மூணும் கூட்டினா 180 வரமாட்டேங்கு

இங்க முதல்ல ஒண்ணு கேக்கணும், அளந்ததா இல்ல கணக்குப் போட்டதா?

அளந்ததுன்னா: 179, 181னு வந்தா கோளாறே இல்ல, பென்சில் கூர் தடிமனுக்கு அந்த மட்டுக்கு வரத்தான் செய்யும், அதுக்காக ஒரு கோணத்த அடிச்சுத் திருத்தி 180 ஆக்க வேண்டாம், அளந்ததை அளந்த மாதிரி எழுதுற பழக்கம் ரொம்ப முக்கியம். 120, 200னு வந்துச்சுன்னா முதல்ல சொன்ன வரிசைக் கோளாறு. 120, 35, 25 உள்ள முக்கோணத்துல 120அ 60னு படிச்சா கூட்டுத்தொகை 120ல நிக்கும். 80அ 100னு படிச்சா 200 ஆயிரும். ஒரு முக்கோணத்துல ரெண்டு விரிகோணம் எழுதியிருந்தா அளக்காமலே சொல்லிரலாம் தப்புன்னு.

கணக்குப் போட்டதுன்னா சுத்தமா 180 வந்தே ஆவணும், இதுல முன்னப்பின்ன கிடையாது. வரிசையா பாருங்க.

தெரிஞ்ச ரெண்டு கோணத்தையும் கூட்டிட்டுத்தான் கழிச்சானா? ஒண்ணை மட்டும் கழிச்சுட்டு நிறுத்திருவாவ. அடுத்து, மூலைல சின்னதா ஒரு சதுரக் கட்டம் போட்டிருக்கான்னு பாருங்க, அதுக்கு நம்பர் எழுதியிருக்காது, அது 90னு அர்த்தம், நம்பர் இல்லாததால பிள்ளை அதை விட்டுட்டு "தகவல் பத்தல"ங்கும்.

பொறவு பக்கத்து மேல போட்டிருக்க சின்னக் கீத்து. ரெண்டு பக்கத்துல ஒரே மாதிரி கீத்து இருந்தா இருசமபக்க முக்கோணம், அந்தப் பக்கங்களுக்கு எதிர்ல உள்ள கோணங்கள்தான் சமம். பிள்ளைய கீத்து போட்ட ரெண்டு பக்கமும் சேருற மூலையக் கொண்டு போய் சமக் கோணத்துல ஒண்ணுன்னு வச்சிருதாவ. கீத்து மேல ஒரு விரலை வச்சுக்கிட்டு எதிர் மூலைய இன்னொரு விரலால தொடச் சொல்லுங்க, ரெண்டாவது கீத்துக்கும் அதே மாதிரி, தொட்ட ரெண்டு மூலையும் சமம். இப்ப பாருங்க, சமபக்கங்கள் சேருற உச்சில 40னு குடுத்திருந்தா 180ல 40 போக 140, பாதி 70, மத்த ரெண்டும் 70, 70. அதே 40 அடியில குடுத்திருந்தா அடியில இன்னொண்ணும் 40, உச்சி 100. ஒரே 40, ரெண்டு வேற விடை. முன்னாடியே உச்சி விரிகோணமா குறுங்கோணமான்னு படத்தப் பாத்து சொல்லியிருந்தா இந்தக் குழப்பம் அங்கேயே பிடிபட்டுரும்.

கடைசியா வெளிக்கோணம். பக்கத்த நீட்டி வெளிய 110னு குடுத்து, உள்ள எதிர்ல ஒண்ணு 45னா, பிள்ளை 180ல ரெண்டையும் கழிச்சு 25னு எழுதும். 110 முக்கோணத்துக்கு உள்ள இல்லவே இல்லல்லா. வெளிக்கோணம் அதுக்கு எதிர்ல உள்ள ரெண்டு உட்கோணத்தோட கூடுதலுக்கு சமம், அதனால 110ல 45 போக 65. சரி பாக்க: வெளிக்கோணத்துக்கு ஒட்டின உட்கோணம் 70, 70ம் 45ம் 65ம் 180. முக்கோணத்துக்கு உள்ள உள்ள இடத்தை மட்டும் பென்சிலால லேசா தீட்டிட்டு ஆரம்பிக்கச் சொன்னா இந்தத் தப்பு நின்னுரும்.

180ங்கிறதயே நம்பாத பிள்ளைக்கு ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைல முக்கோணம் வெட்டி மூணு மூலையையும் கிழிச்சு முனை சேத்து வைக்கச் சொல்லுங்க, அடி நேர்கோடா வந்துரும்.

■ ரெண்டு கோடு வெட்டுற படம், இணைகோட்டுப் படம், எது எதுக்கு சமம்னு தெரியல

ஏழாப்புல குத்தெதிர்க் கோணம், ஒத்த கோணம், ஒன்றுவிட்ட கோணம்னு ஒரே நேரத்துல பேரா வந்து விழும், பிள்ளை பயந்துரும். பேரை அப்புறம் வச்சுக்கலாம், முதல்ல படத்துல குறுங்கோணம் எல்லாத்துக்கும் ஒரு புள்ளி, விரிகோணம் எல்லாத்துக்கும் ஒரு பெருக்கல் குறி போடச் சொல்லுங்க. ரெண்டு இணைகோட்ட ஒரு குறுக்குவெட்டி சாஞ்சு வெட்டுனா எட்டு கோணம் வரும், ஆனா அளவு ரெண்டே ரெண்டுதான். புள்ளி எல்லாம் ஒரே அளவு, பெருக்கல் எல்லாம் ஒரே அளவு, ஒரு புள்ளியும் ஒரு பெருக்கலும் சேந்தா 180. ஒண்ணு 72னா நாலு 72, நாலு 108, முடிஞ்சுது. குறுக்குவெட்டி செங்குத்தா வெட்டுனா எட்டும் 90.

"கோடு ரெண்டும் தூரமா இருக்கு, அப்ப கோணம் மாறாதா?"ன்னு ஒரு பிள்ளை கேட்டா, நல்ல கேள்வி. நம்ம ஊர் வழியா செங்கோட்டை போற ரயில் பாதை முன்னாடி மீட்டர்கேஜ், ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல 1000 மில்லிமீட்டர், இப்ப பிராட்கேஜ், 1676 மில்லிமீட்டர். கேட்டுல ரோடு சாஞ்சு தாண்டுதுன்னு வைங்க, அன்னைக்கும் ரெண்டு தண்டவாளத்தையும் ஒரே கோணத்துலதான் வெட்டுச்சு, இன்னைக்கும் அப்படித்தான். இணையா இருக்குறதுதான் கணக்கு, எவ்வளவு தூரம்ங்கிறது இல்ல.

இம்புட்டும் செஞ்சும் விடை ஒத்துவரலன்னா கோடு ரெண்டும் இணைன்னு கேள்வில சொல்லியிருக்கான்னு பாருங்க, அம்புக்குறி இருக்கணும் இல்லன்னா எழுத்துல இருக்கணும். கண்ணுக்கு இணையா தெரியுதுங்கிறது செல்லாது. சொல்லலன்னா ஒவ்வொரு வெட்டுப்புள்ளியையும் தனித்தனியாத்தான் பாக்கணும்.

■ எக்ஸ் வந்துட்டா விட்டுட்டு அடுத்த கணக்குக்குப் போயிருதா

கோணம் தெரிஞ்ச பிள்ளையும் இங்க நின்னுரும். முதல் சோதனை, நம்பரா இருந்தா என்ன செய்வன்னு கேளுங்க. நேர்கோட்டு மேல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கோணம், கூட்டுனா 180ன்னு சொன்னா போதும், அதையே எழுத வேண்டியதுதான். 2 எக்ஸ் + 10ம் 3 எக்ஸ் - 20ம்னா, 5 எக்ஸ் - 10 = 180, 5 எக்ஸ் = 190, எக்ஸ் = 38. பாதிப் பிள்ளைய இங்கேயே கோடு போட்டு நிறுத்திருவாவ, கேட்டது கோணம். திரும்ப உள்ள போட்டா 86, 94. ஒண்ணு குறுங்கோணம் ஒண்ணு விரிகோணம், கூட்டுனா 180, சரி.

சமமா போடணுமா கூட்டணுமாங்கிறது அடுத்த கோளாறு. குத்தெதிர்ல, அதாவது ரெண்டு கோடு வெட்டுற இடத்துல எதிரெதிரா, 3 எக்ஸ் + 15ம் 5 எக்ஸ் - 25ம் இருந்தா சமம்னுதான் போடணும், எக்ஸ் 20, கோணம் 75. இதைக் கூட்டி 180க்கு வச்சா எக்ஸ் 23.75னு புள்ளி வச்சு வரும், உள்ள போட்டுப் பாத்தா ஒண்ணு 86.25, இன்னொண்ணு 93.75, எதிரெதிர்ல இருக்குறது ரெண்டும் வேற வேற அளவா வராதுல்லா, அங்கேயே தெரிஞ்சுரும்.

■ 250 வர வேண்டியது 110னு வருது

வளைவுக் குறி எந்தப் பக்கம் போட்டிருக்குன்னு பாருங்க. வெளிப்பக்கம் சுத்திப் போட்டிருந்தா பின்வளை கோணம், உள் கோணத்த அளந்து 360ல கழிக்கணும். வேற ஒண்ணும் இல்ல.

■ இதெல்லாம் பாத்தும் சரியாவல, எப்ப ஆளைப் பாக்கணும்

ஒரே தப்பு ரெண்டு வாரம் தினமும் பத்து நிமிசம் உக்காந்து பாத்தும் நிக்கலன்னா பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர்ட்ட நோட்டோட போங்க, "பிள்ளைக்கு கணக்கு வரல"ன்னு சொல்லாதிய, "கோணமானில வரிசை மாத்திப் படிக்கா"ன்னு எந்தத் தப்புன்னு காட்டுங்க, அப்பத்தான் அவங்களால உதவ முடியும்.

கோணத்துல மட்டும் இல்லாம 36அ 63ன்னு எழுதுறது, எட்டாப்பு வந்தும் ரெண்டு இலக்கக் கூட்டலுக்கு விரல் எண்ணுறது, மணி பாக்கத் தெரியாம இருக்குறதுன்னு எல்லாம் சேந்து இருந்தா அது சோம்பேறித்தனம் கிடையாது, அடிச்சோ ஏசியோ அது சரியாவாது. கற்றல் குறைபாடு இருக்கலாம். பள்ளிக்கூடத்துல சொன்னா வட்டார வள மையத்துல இருந்து சிறப்பாசிரியர் வந்து பாப்பாங்க, திருநெல்வேலி ஐகிரவுண்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி குழந்தைகள் பிரிவுலயும் காட்டலாம். சான்று இருந்தா பொதுத்தேர்வுல கூடுதல் நேரம் உண்டு.

ஆனா அதுக்கும் முன்னாடி கண்ணு. இதை நான் எழுதியே ஆவணும். ஒரு எட்டாப்பு பிள்ளை, கழித்தல் சுத்தமா வரும், 180ம் தெரியும், ஆனா செங்கோணக் கட்டம் போட்ட கணக்கை எல்லாம் "தகவல் இல்ல"ன்னு விட்டுரும், கீத்து போட்ட பக்கத்த கவனிக்கவே கவனிக்காது. கவனம் இல்லன்னு நினைச்சு ஒரு பருவம் முழுக்க நான் ஏசியிருக்கேன். ஒரு நாள் சாயங்காலம் கரண்டு போய் எமர்ஜென்சி லைட்ல படிக்கும்போதுதான் பாத்தேன், புஸ்தகத்த மூக்கு கிட்ட வச்சு ஒரு பக்கமா தலைய சாச்சுப் பாக்கா. அவ ஆச்சிட்ட சொல்லி ஆஸ்பத்திரில காட்ட வச்சேன், கண்ணாடி போட்டாவ. நம்பர் பெரிய எழுத்துல இருக்குறதால அது தெரிஞ்சிருக்கு, அந்தச் சின்னக் கட்டமும் கீத்தும்தான் தெரியல. அதனால பிள்ளை குறிகள மட்டும் தொடர்ந்து விட்டா, படத்துல உள்ள கட்டத்தையும் கீத்தையும் பென்சிலால சுத்தி வட்டம் போடச் சொல்லிப் பாருங்க, விட்டுட்டுப் போட்டா உடனே கண்ணைக் காட்டுங்க. பள்ளிக்கூடத்துக்கு கண் பரிசோதனைக்கு வாற அன்னைக்கு பிள்ளைய லீவு போட விடாதிய.

கண்ணாடி போட்டு வந்த அன்னைக்கு அவ பழைய நோட்டைப் புரட்டிக்கிட்டு இருந்தா, "அக்கா, இதுல கட்டம் இருந்துச்சா?"ன்னு கேட்டா.